அங்கணக்குழியும் அலுமினியத் தூளும்

குளியலறையில் தண்ணி போகாம நிக்கிறதுக்கு என்னய்யா வரலாறு இருக்கப் போகுதுன்னு கேக்கலாம். நான் ஒரு சொல்லைத் தேடப் போய்த்தான் இதுக்குள்ள நுழைந்தேன். அந்தச் சொல் அங்கணக்குழி.

தென்மாவட்டங்களில் பழைய வீடு பார்த்தவர்களுக்கு இது தெரியும். வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் தரையைக் கொஞ்சம் தாழ்த்தி, சுற்றி ஓரம் கட்டி, சுவரின் அடியில் ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். கை கழுவ, பாத்திரம் விளக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட எல்லாம் அங்கேதான். ஓட்டை வழியாகத் தண்ணீர் நேராகத் தெருச் சாக்கடைக்கோ கொல்லைக்கோ போய்விடும். 'அங்கணம்' மிகப் பழைய சொல். திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில், அதாவது 720ஆவது குறளில், அழுக்குத் தண்ணீர் விழும் இடம் என்ற பொருளில் அது வருகிறது. மதுரைக்குப் பக்கத்துக் கீழடியில் 2019ல் நடந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில், ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. தண்ணீரை வீட்டை விட்டு வெளியே அனுப்பும் கவலை நமக்குப் புதுசு கிடையாது.

புதுசு என்னன்னா, அந்தத் தண்ணீர் போகும் வழி கண்ணுக்குத் தெரியாமல் போனது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தை வைத்து அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கு. அடைப்பு எடுக்கக் கடையில் விற்கும் தூளுக்குள் இருக்கும் ஒரு பொருள், இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்த பொருள்.

ஓட்டை இருந்த காலம்

அங்கணக்குழியில் அடைப்பு என்றால் அது பெரிய விஷயமே இல்லை. சுவரில் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் வெளிச்சம். எலி வராமல் இருக்க ஒரு கல்லோ, பழைய துணியோ, ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியோ வைத்திருப்பார்கள். சோற்றுப்பருக்கை அடைத்தால் ஒரு குச்சி போதும். ஆண்கள் பெரும்பாலும் கிணற்றடியிலும் கண்மாயிலும் குளித்தார்கள். அந்தத் தண்ணீர் வாழைக்கோ மண்ணுக்கோ போனது. தலைக்குச் சீயக்காய், அரப்பு. துணிக்கு உவர்மண். பாத்திரத்துக்குச் சாம்பல். இதெல்லாம் தண்ணீரோடு போய் மண்ணில் கலந்துவிடும் சரக்கு.

ஆனால் இதை ஒரு பொற்காலம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குள் குச்சி விட்டுக் குத்தியது வீட்டுப் பெண்கள். சுவருக்கு அந்தப் பக்கம், தெருச் சாக்கடையில் தேங்கியதை அள்ளியவர்கள் வேறு ஆட்கள். இந்தப் பகுதியில் அவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஓட்டைக்கு உள்பக்கம் நம்ம வேலை, வெளிப்பக்கம் அவங்க வேலை என்று ஒரு சுவர் பிரித்து வைத்திருந்தது. பின்னால் குழாய் வந்தது, செப்டிக் டேங்க் வந்தது, டைல்ஸ் வந்தது. அந்தச் சுவர் மட்டும் அப்படியே இருக்கு.

வளைந்த குழாய்

அடைப்பு என்பது இன்றைய அர்த்தத்தில் பிறந்ததற்கு ஒரு தேதி சொல்லலாம்: 1775. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி, லண்டனில் கழிப்பறைக்கான ஒரு காப்புரிமை வாங்கினார். குழாயை நேராக இறக்காமல் ஆங்கில எழுத்து 'எஸ்' மாதிரி வளைத்தார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரே கதவு. கீழே இருக்கும் நாற்றமும் வாயுவும் அதைத் தாண்டி மேலே வராது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் குளியலறையும் வைத்துக்கொள்ள முடிந்தது இந்த வளைவால்தான்.

நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் போய் 'நானி ட்ராப்' என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். பில்லில் 'நஹானி ட்ராப்' என்று இருக்கும். மராத்தியில் 'ந்ஹாணி' என்றால் குளிக்கும் இடம். பம்பாய்ப் பக்கத்துச் சொல் ஒன்று விருதுநகர்க் குளியலறைத் தரையில் வந்து உட்கார்ந்திருக்கு. சல்லடை மூடியைத் தூக்கினால் உள்ளே கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும், இல்லையென்றால் வளைந்த குழாய் இருக்கும். எதுவானாலும் வேலை ஒன்றுதான்: சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைப்பது.

இந்த ஏற்பாடு தண்ணீர் தாராளமாக ஓடும் ஊருக்காக யோசிக்கப்பட்டது. நம்ம பக்கம் வானம் பார்த்த பூமி. குழாய்த் தண்ணீர் நாள் கணக்கில் இடைவெளி விட்டுத்தான் வரும். விருதுநகருக்கு ஆனைக்குட்டம் அணையும் தாமிரபரணியும் தண்ணீர் தரணும். இங்கே ஒருத்தர் குளிக்க ஒரு வாளி என்று கணக்கு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. தண்ணீர் குறைவாகவும் மெதுவாகவும் போகும்போது முடியையும் அழுக்கையும் தள்ளிக்கொண்டு போக வேகம் இருக்காது. வளைவிலேயே படிந்துவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் வளைவில் நிற்கும் தண்ணீரும் காய்ந்துவிடும். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நாற்றம். பலர் இதை அடைப்பு என்று நினைத்து எதையாவது கொட்டுவார்கள். தேவைப்பட்டது ஒரு செம்பு தண்ணீர் மட்டும்.

உப்புத் தண்ணியும் சோப்பும்

இந்த மாவட்டத்து அடைப்புக்கு இன்னொரு தனிக்குணம் இருக்கு. பல ஊர்களில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணி. அதில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப்பு என்பது கொழுப்பு அமிலமும் சோடியமும் சேர்ந்த உப்பு. உப்புத் தண்ணியில் அதைத் தேய்த்தால் சோடியம் இருந்த இடத்தில் கால்சியம் வந்து உட்காரும். கால்சிய சோப்பு தண்ணீரில் கரையாது. நுரையும் வராது. அதனால் இன்னும் கொஞ்சம் சோப்பு போடுவோம். அந்தச் சோப்பும் அதே கதிதான்.

வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்குமே, அதே சரக்குத்தான் ட்ராப்பிலும் படிகிறது. அதோடு முடி சேர்ந்தால் போதும். முடி கம்பி மாதிரி, கால்சிய சோப்பு சிமெண்டு மாதிரி. ரெண்டும் சேர்ந்து நல்ல கான்கிரீட் ஆகிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சனிக்கிழமையும் தன் பங்குக்கு ஏதாவது சேர்க்கும். சீயக்காய்க் காலத்து ஓட்டை இப்படி அடைபட வாய்ப்பே இல்லை. வளைந்த குழாய், கம்மித் தண்ணி, கடினத் தண்ணி, கட்டிச் சோப்பு என்ற நாலும் ஒரே இடத்தில் சந்தித்ததுதான் இன்றைய அடைப்பு.

1923ல் நடந்த ரெண்டு விஷயம்

இப்போ தூளுக்கு வருவோம்.

1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததும், 1923ல் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கியதும் இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அதே 1923ல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் ஹாரி டிராக்கெட் என்பவர் 'டிரேனோ' என்ற அடைப்பு நீக்கும் தூளைக் கொண்டுவந்தார். ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் ரெண்டு கதையும் பின்னால் ஒரே உலோகத்தில் வந்து சேரும்.

டிராக்கெட்டின் தூளில் இருந்தவை காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துணுக்குகளும். நம்ம பலசரக்குக் கடையில் தொங்கும் சின்னப் பொட்டலங்கள் பலவற்றிலும் இன்றைக்கும் இதே ஏற்பாடுதான். வெள்ளை மணிகளுக்கு நடுவே வெள்ளி நிறத்தில் சில துணுக்குகள் மினுங்கும். அதுதான் அலுமினியம்.

காஸ்டிக் சோடா உப்பிலிருந்து வருவது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், இன்னொரு பக்கம் காஸ்டிக் சோடா. தூத்துக்குடி உப்பை நம்பி, ஆறுமுகநேரிக்குப் பக்கத்துச் சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் அப்படி ஒரு ஆலை வந்தது. அலுமினியத்தின் கதையும் மின்சாரக் கதைதான். 1886ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூல்ட்டும் தனித்தனியாக ஒரே முறையைக் கண்டுபிடிக்கும் வரை அலுமினியம் அரிய உலோகம். அதற்குப் பிறகுதான் அது சட்டிபானைக்கும் வந்தது, வாணவேடிக்கைக்கும் வந்தது.

அலுமினியம் சாதாரணமாகத் தண்ணீரோடு சண்டை போடாது. மேலே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று அதற்குக் கவசமாக இருக்கும். காஸ்டிக் சோடா அந்தக் கவசத்தைக் கரைத்துவிடும். அப்புறம் தண்ணீரும் அலுமினியமும் நேருக்கு நேர். ஹைட்ரஜன் கொப்பளித்து வரும், சூடு கிளம்பும், தண்ணீர் கொதிக்கும் அளவுக்கும் போகலாம். கொப்புளங்கள் அடைப்பைக் கிளறும், சூடு கொழுப்பை இளக்கும், காஸ்டிக் சோடா கொழுப்பைச் சோப்பாக மாற்றும், முடியையும் கரைக்கும். யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான்.

திருவிழாவில் பறக்கும் பலூன் விற்பவர்கள் சிலிண்டருக்குள் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத்தையும் போட்டு வாயு தயாரிப்பது உண்டு. அதே வினைதான். அந்தச் சிலிண்டர் வெடித்த செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். மூடிய இடத்தில் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

பட்டாசுக்காரர்களுக்குத் தெரிந்த ஒன்று

சிவகாசியில் 1940ன் வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு உரிமத்தோடு பட்டாசு ஆலைகள் வளர்ந்தன. பூச்சட்டியின் வெள்ளைப் பொறிக்கும், வெடியின் பளீர் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் அலுமினியத் தூள் வேணும். சாயங்காலம் வேலை முடிந்து இறங்கும் சிலரின் கையிலும் முகத்திலும் முடியிலும் வெள்ளி பூசினது மாதிரி ஒரு மினுமினுப்பு இருக்கும். வீட்டுக்குப் போய் முதல் வேலை குளியல். அந்த மினுமினுப்பும் குளியலறை ஓட்டை வழியாகத்தான் போகுது.

அலுமினியத் தூளும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெடியுப்பும் அலுமினியத் தூளும் கலந்த மருந்து ஈரப்பட்டால் மெதுவாக வினை தொடங்கும். அதில் அம்மோனியா உண்டாகும். அம்மோனியா காரத்தன்மை கொண்டது, அதனால் அலுமினியத்தின் கவசம் இன்னும் வேகமாகக் கரையும். சூடு ஏறும். சூடு ஏற ஏற வினை இன்னும் வேகம் எடுக்கும். குவித்து வைத்த மருந்து, யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளும். இதைத் தடுக்கக் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். மழை நாளில் மருந்துக் கலவைக்குக் கை வைக்கத் தயங்குவதும், கலந்த மருந்தை மிச்சம் வைக்காமல் அன்றைக்கே முடிப்பதும் பயத்தால் வந்த பழக்கம் இல்லை, பட்டு அறிந்த பழக்கம்.

ட்ராப்புக்குள் நாம் கொட்டும் பொட்டலம் இதற்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான். அங்கே காரம் மெதுவாக உருவாகிறது. இங்கே காரத்தை நாமே கூடவே போடுகிறோம். வெடியுப்பு இல்லாததால் குழாய் வெடிமருந்து மாதிரி எரியாது. மற்றபடி சூடும் ஹைட்ரஜனும் அதேதான். ஆலையில் இதைத் தொடுவதற்கு உரிமம், அளவுக் கட்டுப்பாடு, தனித்தனி அறை, ரப்பர் விரிப்பு எல்லாம் வேணும். வீட்டில் சோப்புக்கும் ஷாம்புக்கும் நடுவே, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுகிறோம்.

தூள் தோற்ற பிறகு

எனக்கு இந்தத் தூளின் மேல் இருக்கும் பெரிய குறை அதன் ஆபத்துகூட இல்லை. அது பல நேரம் தோற்றுப் போகும், தோற்ற பிறகு என்ன ஆகிறது என்பதுதான்.

உப்புத் தண்ணி ஊரில் அடைத்திருப்பது கால்சிய சோப்பு என்று மேலே சொன்னேன். காஸ்டிக் சோடா கொழுப்பைத்தான் சோப்பாக்கும். ஏற்கெனவே கரையாத சோப்பாகிவிட்டதை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. போதாத தண்ணீரில் அதிகத் தூளைக் கொட்டினால் தூளே கட்டிதட்டிக் கல் மாதிரி இறுகிவிடும். பிவிசி குழாய் சுமார் 80 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். அதனால் சூடு அதிகமானால் மூட்டுகளும் நெளியலாம்.

தண்ணி போகலைன்னா ஆளைக் கூப்பிடுவோம். வருபவர் மூடியைத் திறந்து கையை விடுகிறார், இல்லைன்னா கம்பியை விட்டு ஆட்டுகிறார். உள்ளே நிற்பது வெறும் தண்ணீர் இல்லை, காஸ்டிக் கரைசல். கண்ணில் தெறித்தால் காரம் அமிலத்தைவிட மோசம். அமிலம் மேலே உள்ள திசுவைக் கருக்கி அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும். காரம் திசுவில் இருக்கும் கொழுப்பையே சோப்பாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போகும். பார்வை போகலாம். தூள் போட்ட நமக்கு ஒன்றும் ஆகவில்லை, போடாதவருக்கு ஆகிறது.

அந்தப் பழைய சுவர் ஞாபகம் இருக்கா? இங்கே அது மறுபடி வருது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 1993ல் வந்தது. 2013ன் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2020ல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் குளியலறை ட்ராப் இந்தச் சட்டங்களின் கண்ணில் படும் இடம் இல்லை. அது நம்ம வீட்டுக்குள் இருக்கு. அங்கே சட்டம் நாமதான்.

கை போதும்

நாலைந்து வீட்டில் பிளம்பர் வேலை பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தரை ட்ராப் அடைப்பில் பெரும்பாலும் அவர்கள் செய்வது நாமே செய்யக்கூடிய வேலைதான்.

சல்லடை மூடியைக் கழற்றுங்கள். திருகு இருந்தால் திருகாணி எடுக்கும் கருவி, இல்லைன்னா பழைய கத்தி முனை போதும். கையில் ரப்பர் உறை. கிண்ணம் மாதிரி இருப்பதை வெளியே எடுத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே தொங்கும் முடியை வளைத்த கம்பியாலோ கையாலோ இழுத்தால் கயிறு மாதிரி வரும். அதைக் குப்பையில் போடணும், மறுபடி ஓட்டையில் விடக் கூடாது. அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். செம்பு செம்பாக ஊற்றினால் அந்த வேகம் கிடைக்காது. இன்னும் மெதுவாகப் போனால் ரப்பர் பம்பை ஓட்டையில் அழுத்தி, தண்ணீர் நிற்கும்போதே நாலைந்து தடவை மேலும் கீழும் இழுங்கள்.

கிண்ணத்தை மறுபடி வைக்க மறக்காதீங்க. தண்ணி சீக்கிரம் போகுதுன்னு சொல்லி அதைத் தூக்கி எறிந்த வீடுகள் நிறைய. அப்புறம் கரப்பான் வருது, நாத்தம் வருதுன்னு புலம்புவார்கள். வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கதவு, அந்தக் கதவைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கிண்ணம்.

வினிகரும் சோடா உப்பும் கலந்து ஊற்றினால் நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ரெண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல்தான். பாத்ரூம் ஆசிட்டைத் தூள் போட்ட ஓட்டையில் ஊற்றவே கூடாது, சூட்டில் தெறிக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தெருவுக்குப் போகும் தண்ணீர் எங்கே போகுதுன்னும் ஒரு வார்த்தை. விருதுநகர்க் கழிவுநீர் கௌசிகா ஆற்றில் கலந்து, அங்கிருந்து குல்லூர்சந்தை அணைப் பக்கம் போகிறது. நாம் குழாயில் கொட்டுவதற்கு அந்தப் பக்கமும் வயல் இருக்கு, ஆடு மாடு இருக்கு, ஆள் இருக்கு.

இத்தனைக்கும் பிறகு அடைப்பு எடுபடாமல், அவசரத்தில் நீங்களோ வீட்டில் வேறு யாரோ தூளைப் போட்டிருக்கலாம். பரவாயில்லை. நிறையத் தண்ணீர் ஊற்றப் பாருங்க. ஊற்ற வழியில்லாமல் நின்றுவிட்டதுன்னா அப்படியே விட்டு ஆளைக் கூப்பிடுங்க. வந்தவர் மூடியில் கை வைக்கிறதுக்கு முன்னாடி, "அண்ணே, இதுல தூள் போட்டிருக்கோம்"னு சொல்லிடுங்க.